கணக்கு தேயாது, ஜாக் தேயும்

கிட்டார் பிராசஸரை என் மேஜைக்குக் கொண்டுவருகிறவர்கள் கோளாறோடு அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். “அண்ணா, உள்ள ஐ.சி. போயிடுச்சு போல.” “போர்டு காலி சார், சவுண்டே வரல.” “ஆம்ப் மாடல் எல்லாம் கெட்டுப்போச்சுண்ணா, முன்ன மாதிரி டோன் இல்ல.” சென்னையில் மெல்லிசைக் குழுக்களுக்கும் தேவாலய ஆராதனைக் குழுக்களுக்கும் கல்லூரி பேண்டுகளுக்கும் பல வருடங்களாக இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். உள்ளே கணக்குப் போடும் சிப் கெட்டுப்போவது அரிது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து டோனை மங்க வைத்தது என்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வால்வு ஆம்ப் அப்படி மங்கும். வால்வுக்கு வயதாகும், கண்டென்சர் வறண்டுபோகும், ஸ்பீக்கரின் காகிதம் தளரும். டிஜிட்டல் பெட்டியில் டோன் என்பது எண்களின் மேல் நடக்கும் கணக்கு. நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ தந்தியின் அதிர்வை அளந்து, அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கி, மறுபடி மின்னலையாக வெளியே விடுகிறது. கூட்டலும் பெருக்கலும் பத்து வருடம் கழித்தும் அதே விடையைத்தான் தரும். தேய்வதெல்லாம் பெட்டியின் ஓரங்களில் இருக்கிறது: மின்சாரம் நுழையும் துளை, கேபிள் செருகும் ஜாக், கால் மிதிக்கும் சுவிட்ச், விரல் திருகும் குமிழ். இவற்றோடு, யாரோ மாற்றிவைத்து மறந்துபோன செட்டிங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இந்த ஓரங்களைச் சுற்றிவந்துவிட்டால் பாதிப் பெட்டிகளைத் திறக்கவே தேவை இருக்காது.

இந்தத் தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்திருக்கிறது. 1995இல் ரோலண்ட் வி.ஜி.-8 வந்தது. 1998இல் லைன் 6 நிறுவனம் சிறுநீரக வடிவத்தில் சிவப்பு நிறப் ‘பாட்’ பெட்டியைக் கொண்டுவந்தது. ஸ்டுடியோவில் ஆம்ப் இல்லாமலே ஆம்ப் சத்தத்தைப் பதிவுசெய்யலாம் என்பது அப்போதுதான் பரவலாக மக்களுக்குத் தெரிந்தது. 2006இல் ஃபிராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், பிறகு ஓர் உண்மையான ஆம்பை மைக் வைத்து அளந்து அதன் குணத்தைப் பிடித்துக்கொள்ளும் கெம்பர், 2015இல் ஹீலிக்ஸ். இப்போது ஸ்டீவன் அட்கின்சன் எழுதி இலவசமாக வெளியிட்ட நியூரல் ஆம்ப் மாடலர் வரை வந்துவிட்டோம். உள்ளே இத்தனை மாறிய பிறகும் கிட்டார் செருகும் ஜாக் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பிறந்த அதே 6.35 மில்லிமீட்டர் ஜாக்தான். எந்தத் தலைமுறைப் பெட்டி வந்தாலும் நான் தேடத் தொடங்கும் இடம் மாறாததற்கு இதுவே காரணம்.

சத்தமே வரவில்லை என்று ஒரு பெட்டி வந்தால் நான் முதலில் அழுத்துவது டியூனர். இளம் டெக்னீஷியன்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: டியூனர், தந்தியைச் சுருதி சேர்ப்பதற்கு மட்டும் உள்ளதல்ல, பெட்டிக்குள் கம்பெனியே வைத்துக்கொடுத்திருக்கும் மீட்டர் அது. தடித்த ஆறாம் தந்தியை மீட்டுகிறேன். திரையில் ‘இ’ என்று வந்துவிட்டால் கிட்டார் சரி, கேபிள் சரி, இன்புட் ஜாக் சரி, அதற்குப் பின்னால் சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.யான ஆப்-ஆம்ப் சரி, அலையை எண்ணாக மாற்றும் கன்வர்ட்டர் சரி, சிப்பும் வேலை செய்கிறது. ஒரே மீட்டலில் பெட்டியின் முன்பாதி முழுக்கத் தேர்வாகிவிடுகிறது.

அடுத்தது உள்ளேயே இருக்கும் டிரம் ரிதம். இன்றைக்குச் சின்னப் பெட்டிகளில்கூட அது இருக்கிறது. ரிதத்தை ஓடவிட்டு ஹெட்போனில் கேட்கிறேன். டிரம் கேட்டால் எண்ணை அலையாக்கும் கன்வர்ட்டரும் ஹெட்போன் ஆம்பும் சரி. டிரம் கேட்கிறது, கிட்டார் கேட்கவில்லை, டியூனரும் அசையவில்லை என்றால் கோளாறு இன்புட் பக்கம். டியூனர் அசைகிறது, ஹெட்போனில் எல்லாம் கேட்கிறது, அவுட்புட்டில் மட்டும் இல்லை என்றால் அவுட்புட் ஜாக்கும் அதன் அருகிலுள்ள ஆப்-ஆம்பும்தான் மிச்சம். யூ.எஸ்.பி. வழியாகப் பதிவுசெய்யும் வசதி இருந்தால் இன்னும் ஒரு சோதனை உண்டு. லேப்டாப்பில் கிட்டார் சுத்தமாகப் பதிவாகி, ஹெட்போனிலும் அவுட்புட்டிலும் இரைச்சலாக வந்தால், எண் வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது, வெளியே வரும் வழியில்தான் பழுது என்று தெரிந்துவிடும். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் போதும், ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் நேரே ஹாட் ஏர் கன்னை எடுத்து நல்ல சிப்பைச் சுட்டுவைத்த பெட்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லாமல் சத்தம் நின்றுபோவதற்கும் சில வழிகள் உண்டு. எக்ஸ்பிரஷன் பெடல் வால்யூமுக்கு ஒதுக்கப்பட்டு, குதிகால் பக்கம் சாய்ந்து கிடக்கும். பையில் போட்டு எடுத்துவரும்போது அது சாய்ந்துவிடும்; பெட்டி செத்துப்போனதாகத் தோன்றும். சென்ட்-ரிட்டர்ன் லூப் ‘ஆன்’ ஆகி இருக்கும், ரிட்டர்னில் எதுவும் செருகியிருக்காது; சில மாடல்களில் சிக்னல் அந்த இடத்தோடு வெட்டுப்படும். ஒரே கேபிளை ‘எல்/மோனோ’ என்று போட்ட துளையில் செருகாமல் வலப்பக்கத் துளையில் செருகியிருப்பார்கள். பாதிச் சத்தமும் விட்டுப்போன டிலேயும் வரும். நாய்ஸ் கேட் அளவை யாரோ மேலே ஏற்றிவைத்திருப்பார்கள். ஸ்வரம் நீளாமல் நடுவிலே அறுந்துபோகும். புளூடூத் ஹெட்போனில் கேட்டுவிட்டு, “பிராசஸர் லேட் ஆகுது” என்று புகார் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பிராசஸர் எடுத்துக்கொள்வது சில மில்லிசெகண்ட்தான். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே காற்றில் மூன்று மில்லிசெகண்ட் போய்விடும். சாதாரண புளூடூத் ஹெட்போனோ நூறு மில்லிசெகண்டுக்கு மேலேயே தாமதிக்கும். வயர் உள்ள ஹெட்போனைக் கையில் கொடுத்தால் புகார் தீர்ந்துவிடும்.

செட்டிங் சம்பந்தமாக வரும் புகார்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘மொத்தை டோன்’. தேவாலயத்தில் வாசிக்கிற ஒரு தம்பி, சேமித்த பணத்தில் வாங்கிய பிராசஸரை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் ஹெட்போனில் அருமையாக இருக்கிறதாம், ஆராதனையில் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம். “தம்பி, அங்க எதுல செருகி வாசிக்கிறீங்க?” என்று கேட்டேன். “கிட்டார் ஆம்ப்லதான்ணா, முன்னாடி இன்புட்ல.” காரணம் அதுதான். பிராசஸருக்குள்ளேயே ஓர் ஆம்பும், அந்த ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியும், அதன் முன் வைத்த மைக்கும் கணக்காக இருக்கின்றன. கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிடும். உள்ளே கணக்காக இருக்கும் ஸ்பீக்கர் ஒருமுறை வெட்டியதை வெளியே இருக்கும் உண்மையான ஸ்பீக்கர் இரண்டாம் முறை வெட்டுகிறது. அதோடு, ஆம்பின் முன்பக்க இன்புட் தன் பங்குக்கு மறுபடியும் டோனை மாற்றுகிறது.

பெரும்பாலான பெட்டிகளில் இதற்கென்றே ஓர் அவுட்புட் செட்டிங் உண்டு. மிக்சருக்குப் போகிறதா, கிட்டார் ஆம்பின் முன்பக்கத்துக்குப் போகிறதா, ரிட்டர்னுக்குப் போகிறதா என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தம்பியின் பெட்டியில் அதை மாற்றி, ஸ்பீக்கர் கணக்கை அணைத்து, ஆம்பின் பின்னாலுள்ள ரிட்டர்னில் செருகச் சொன்னேன். மறுவாரமே அவர் போன் செய்து, டோன் திறந்துவிட்டது என்றார். இதற்கு எதிரான தவறும் உண்டு: ஸ்பீக்கர் கணக்கை அணைத்துவிட்டு நேரே மிக்சருக்குக் கொடுத்தால் டிஸ்டார்ஷன் தேனீ ரீங்காரம் மாதிரி கூர்மையாகக் காதைத் துளைக்கும். சவுண்ட்காரர் டிரெபிளைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பார், தீராது. இதுவும் பெட்டியின் பழுது அல்ல.

மேஜையில் நான் அதிக நேரம் செலவிடுவது மின்சாரத்தோடுதான். பிராசஸரைக் கொன்ற காரணங்களை வரிசையாக எழுதினால் முதல் இடம் அடாப்டருக்கு. கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டி.சி., பின்னின் நடுப்பகுதி நெகட்டிவ். பாஸ், ஜூம் பெட்டிகள் இப்படி. மேடையில் பக்கத்திலேயே கீபோர்டு இருக்கும். பல கீபோர்டு அடாப்டர்கள் 12 வோல்ட், நடுப்பகுதி பாசிட்டிவ். பின் ஒரே மாதிரி நுழையும். கச்சேரி முடிந்து இருட்டில் கட்டும்போது அடாப்டர்கள் மாறிப்போகும். மறுநாள் அதே அடாப்டரைப் பிராசஸரில் செருகினால், தலைகீழாக மின்சாரம் நுழைந்ததும் உள்ளே காவலுக்கு வைத்த டயோடு தன்னைக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றும். அது ஷார்ட் ஆகி, பெட்டி செத்ததுபோல் கிடக்கும். சில ரூபாய் டயோடை மாற்றினால் பெட்டி எழுந்துவிடும். காவல் டயோடு இல்லாத மலிவான பெட்டிகளில் ரெகுலேட்டரும் அதைத் தாண்டியவையும் போய்விடும்.

பழைய டிஜிடெக் ஆர்.பி. வரிசைப் பெட்டிகள் பலவும், லைன் 6இன் முதல் பாட் பெட்டிகளும் கேட்பது 9 வோல்ட் ஏ.சி.; டி.சி. அல்ல. கடைக்குப் போய் “9 வோல்ட் அடாப்டர்” என்று கேட்டால் கொடுப்பது டி.சி. அடாப்டரைத்தான். அப்படி ஒன்றைச் செருகிய மெல்லிசைக் குழு லீட் கிட்டாரிஸ்ட் ஒருவர் ரொம்பக் குழம்பிப்போய் வந்தார். “திரை எரியுது சார், பேட்ச் மாறுது, எல்லா லைட்டும் வருது. சவுண்ட் மட்டும் இல்ல.” வேறு இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார், ஓரிடத்தில் மெயின் ஐ.சி. போய்விட்டது, கிடைக்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் அடாப்டரைத் திருப்பி, அதன் ஸ்டிக்கரைப் படித்தேன். ஏ.சி. கேட்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் அந்த ஏ.சி.யின் மேல்பாதியிலிருந்து பிளஸ் மின்சாரமும் கீழ்பாதியிலிருந்து மைனஸ் மின்சாரமும் உண்டாக்குகிறார்கள். சிப்புக்கும் திரைக்கும் பிளஸ் போதும். ஆப்-ஆம்புக்கு இரண்டும் வேண்டும். டி.சி. கொடுத்தால் ஒரு பக்கம் மட்டுமே வரும். திரை எரியும், சத்தம் வராது. சரியான டிரான்ஸ்பார்மர் அடாப்டரைச் செருகியதும் பெட்டி பாடியது. கிடைக்காத ஐ.சி.க்காக அலைந்த அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மாமாவோ வாங்கிவந்த பெட்டிகள் இன்னொரு வகை. அங்கே 120 வோல்ட். சுவிட்சிங் வகை அடாப்டர் என்றால் அதன் மேலேயே 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும், இங்கே தைரியமாகச் செருகலாம். பழைய கனமான டிரான்ஸ்பார்மர் அடாப்டரில் 120 என்று மட்டும் இருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் அது வெந்துவிடும். பெரும்பாலும் அடாப்டர் மட்டுமே போகும், பெட்டி தப்பிவிடும். ஆனால் பெட்டியே எரிந்துவிட்டது என்று நினைத்துப் பரணில் போட்டுவைத்துவிடுகிறார்கள்.

மில்லி ஆம்பியரையும் சொல்லியாக வேண்டும். பெட்டி 500 மில்லி ஆம்பியர் கேட்டால் அடாப்டர் 500 அல்லது அதற்கு மேல் தரக்கூடியதாக இருக்க வேண்டும். மேலே இருப்பதால் கெடுதல் இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால் விசித்திரமான கோளாறுகள் வரும்: பேட்ச் மாற்றும்போது பெட்டி அணைந்து எழும், எல்லா எல்.ஈ.டி.யும் எரியும் பேட்ச்சில் மட்டும் கரகரக்கும், அப்டேட் பாதியில் நிற்கும். மீட்டரை வைத்துப் பார்த்தால் 9 வோல்ட் சரியாகக் காட்டும். சும்மா இருக்கும் அடாப்டரை அளந்து பயனில்லை, பெட்டியை ஓடவிட்டு அளக்க வேண்டும். திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் ஓடும் டிரான்ஸ்பார்மர் அடாப்டருக்கு இது இரட்டைச் சோதனை. வெளியே வோல்டேஜ் விழுந்தால் உள்ளேயும் அதே விகிதத்தில் விழும். மேடைக்குப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் நல்ல சுவிட்சிங் அடாப்டரையே பரிந்துரைக்கிறேன்.

ஹம் என்று வரும் புகார்களை முதலில் காதாலேயே பிரித்துவிடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ஹம் 50இலும் 100இலும் கேட்கும்; கிட்டாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டத்தை அழுத்தினால் வரும் ‘ஜி’ ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்த ‘ஜி’க்குக் கொஞ்சம் மேலே நின்றால் அது மின்சாரத்திலிருந்து வருகிறது. கிட்டாரோடு திரும்பினால் ஹம் கூடிக் குறைகிறதா? அப்படியானால் அது சிங்கிள் காயில் பிக்கப் பிடிக்கும் ஹம். பெட்டிக்குச் சம்பந்தமில்லை, உள்ளே கெயின் ஏற்றினால் அதுவும் ஏறும். எப்படித் திரும்பினாலும் ஒரே அளவில் இருந்து, ஒரு கேபிளைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறதா? அது எர்த் லூப். பிராசஸரிலிருந்து ஆம்புக்கு ஒரு வயர், மிக்சருக்கு ஒரு வயர், ஆம்புக்கும் மிக்சருக்கும் தனித்தனி எர்த் என்றால் அந்த இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே வளையம் உண்டாகி அதில் மின்சாரம் சுற்றும். மிக்சருக்குப் போகும் வழியில் வைக்கும் டி.ஐ. பாக்ஸில் ‘கிரவுண்ட் லிப்ட்’ சுவிட்சைத் தள்ளினால் வளையம் அறுந்துவிடும்.

லேப்டாப்போடு இணைத்ததும் ‘ங்ஈ’ என்று மெல்லிய விசில் கேட்டால், அது பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ். யூ.எஸ்.பி. நொடிக்கு ஆயிரம் முறை தகவல் கட்டு அனுப்புகிறது. அந்தத் துடிப்பு எர்த் வழியாகக் கசிந்து காதில் விழுகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டினால் விசில் போய்விடும். அப்போதும் பிராசஸரைக் குறை சொல்லக் கூடாது. இதே காரணத்தால்தான் டிஜிட்டல் பெடல்கள் நான்கைந்தை ஒரே சங்கிலி வயரில் ஓட்டினால் சிணுங்கல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரிந்த மின்சாரம் தரும் சப்ளை விலை அதிகம்தான். அந்தச் செலவு வீணாகாது.

ஹம்மை நிறுத்துவதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. ஹம் நிற்கும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். தந்தியில் கை, மைக்கில் கை, இரண்டுக்கும் நடுவே எர்த் சரியில்லை. மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்கிறது என்று யார் சொன்னாலும் வாசிப்பை நிறுத்துங்கள். மைக்கின் கம்பி வலைக்கும் கிட்டார் தந்திக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட் பாருங்கள். எர்த் இல்லாத சுவிட்சிங் அடாப்டர்களில் இயல்பான கசிவாலேயே நூறு வோல்ட் அளவில் மீட்டர் காட்டுவதுண்டு. அதில் மின்னோட்டம் மிகச் சிறிது, உள்ளங்கையில் கூச்சமாக இருக்கும். இது அந்தக் கூச்சமா, உயிரை எடுக்கும் பழுதா என்று மேடையில் நின்று கிட்டாரிஸ்ட் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிசெய்யும்வரை கச்சேரி காத்திருக்கலாம்.

கால் படும் இடங்களுக்கு வருகிறேன். பெரும்பாலான பெட்டிகளில் கனமான மிதி சுவிட்சின் அடியில் இருப்பது 6 மில்லிமீட்டர் சதுரமுள்ள ஒரு சின்ன டாக்ட் சுவிட்ச்தான். அழுத்தினால் சிலசமயம் மாறுகிறது, சிலசமயம் இரண்டு பேட்ச் தாண்டுகிறது என்றால் அது தேய்ந்துவிட்டது. ரிச்சி தெருவில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தண்டின் உயரத்தை மட்டும் பழையதோடு அளந்து வாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடிவிட்டால் சுவிட்ச் எப்போதும் அழுந்தியே கிடக்கும். குமிழைத் திருப்பினால் எண் முன்னும் பின்னும் குதிப்பது என்கோடர் அழுக்கு. கடற்கரைப் பக்கமுள்ள வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் இது சீக்கிரம் வரும். உப்புக் காற்று செம்பையும் வெள்ளீயத்தையும் விடுவதில்லை. நல்ல கான்டாக்ட் கிளீனர் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துச் சில மாதத்தில் நிலைமையை மோசமாக்கும்.

ஜாக்குகளில் தகடு தளர்வதைவிட, போர்டில் பற்றவைத்த இடம் விரிசல் விடுவதையே அதிகம் பார்க்கிறேன். கேபிளை ஆட்டினால் சத்தம் வந்து வந்து போகிறது என்றால் பூதக்கண்ணாடியில் பாருங்கள், ஈயத்தைச் சுற்றி மயிரிழை வளையம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மேலே கொஞ்சம் தடவினால் மறுபடி விரியும். எக்ஸ்பிரஷன் பெடல் முழுவதும் மிதித்தும் பாதி வரைதான் போகிறது என்றால் முதலில் கேலிப்ரேஷன். வெளியிலிருந்து வாங்கிய பெடல் என்றால் கம்பெனிக்குக் கம்பெனி பிளக்கின் நுனியும் வளையமும் செய்யும் வேலை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். பெடல் நல்லது, பெட்டி நல்லது, வயரிங் முறைதான் வேறு.

சாஃப்ட்வேர் பக்கம் இரண்டு விஷயம். அப்டேட் பாதியில் நின்று, திரை உறைந்து, ‘பெட்டி செத்தது’ என்று வருவதற்குப் பெரிய காரணங்கள் யூ.எஸ்.பி. ஹப்பும், தூங்கிப்போகும் லேப்டாப்பும், சார்ஜிங்குக்கு மட்டும் ஆன கேபிளும். அந்தக் கேபிளில் தகவலுக்கான வயரே இருக்காது. கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிகளும் சில பட்டன்களை அழுத்திப் பிடித்து ஆன் செய்தால் வரும் மீட்பு முறையை வைத்திருக்கின்றன; மாடலின் கையேட்டில் இருக்கும். அதை முயலாமல் பெட்டியைக் கைகழுவ வேண்டாம். இரண்டாவது, பேக்கப். ஃபேக்டரி ரீசெட் பல கோளாறுகளைத் தீர்க்கும், ஆனால் ஒருவர் பல மாதம் உட்கார்ந்து உருவாக்கிய பேட்ச்கள் அதில் அழிந்துபோகும். மனிதரின் உழைப்பு அது. பேக்கப் எடுக்கும்வரை நான் ரீசெட் செய்ய மாட்டேன்.

ஸ்பீக்கரின் குணத்தை அளந்து பதிந்த, வெளியிலிருந்து இறக்கிய ஐ.ஆர். கோப்புகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்த கோப்பை 48இல் ஓடும் பெட்டி மாற்றாமல் அப்படியே படித்தால் ஸ்பீக்கரின் குணம் முழுக்க ஒன்பது சதவீதம் அளவுக்கு மேலே நகர்ந்துவிடும். டோன் மெலிந்து கூர்மையாகும். நல்ல பெட்டிகள் தாமே மாற்றிக்கொள்ளும். மாற்றாதவற்றுக்கு நாம் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

சிப் உண்மையாகவே போகும் தருணங்களும் இருக்கின்றன. மறைக்க வேண்டியதில்லை. ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டைப் பிராசஸரின் இன்புட்டில் செருகினால் முதல் ஆப்-ஆம்ப் போகும். அது 4558 மாதிரி சாதாரண ஐ.சி. என்றால் மாற்றுவது எளிது, கன்வர்ட்டர் வரை போனால் கஷ்டம். மே மாத வெயிலில் திறந்த மேடையில் கறுப்புப் பெட்டியை வைத்தால் எல்.சி.டி. முழுக்கக் கறுத்துவிடும், அது குளிர்ந்தால் திரும்பும், பதற வேண்டாம். சூடேறும்போதெல்லாம் உறைந்து, ஆறினால் எழுகிற பெட்டியில் சிப்பின் அடிப்பாகத்துச் சால்டர் விரிந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சிலசமயம் செகண்ட் ஹேண்ட் பெட்டியின் விலையைத் தொடும். அப்போது அப்படியே சொல்லிவிடுகிறேன்.

“வீட்டில் நன்றாக இருக்கிறது, மேடையில் பாஸ் அதிகம், காதைக் குத்துகிறது” என்ற புகாருக்கு மட்டும் எந்தக் கருவியும் உதவாது. மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்களும் மிக உயர்ந்தவையும் குறைவாகக் கேட்கும். சத்தம் ஏறினால் அவையும் நிரம்பிக் கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். இரவில் மெல்ல வைத்து, காது கேட்ட குறையை ஈக்யூ ஏற்றி நிரப்பி உருவாக்கிய பேட்ச், மேடை அளவில் வீங்கித்தான் ஒலிக்கும். ஒத்திகையில் மேடைச் சத்தம் வைத்துப் பேட்ச்களைத் திருத்துங்கள். புதிய பெட்டி வாங்குவது இதற்குத் தீர்வாகாது.

பிராசஸரை ரிப்பேருக்குக் கொண்டுபோகும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பெட்டியை மட்டும் எடுத்துவராதீர்கள். அடாப்டரை எடுத்துவாருங்கள், நீங்கள் வாசிக்கும் அதே கேபிளை எடுத்துவாருங்கள், முடிந்தால் பேக்கப் எடுத்துவிட்டு வாருங்கள். கோளாறு வீட்டில் வந்ததா மேடையில் வந்ததா, அதற்கு முன் என்ன மாற்றினீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அடாப்டர் இல்லாமல் வரும் பெட்டியை நான் வாங்கிவைப்பதில்லை.